ரேஷியோ போட வரும், அடுத்து எந்தப் புத்தகம்? நிதி அறிக்கை அலசல் பற்றிய இழை

ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர், 2025 ஜூலை 6

அண்ணா, பி.காம். முடித்து சி.ஏ. இன்டர் தேறியிருக்கிறேன். கரன்ட் ரேஷியோ, டெட் ஈக்விட்டி (கடனுக்கும் முதலுக்கும் உள்ள விகிதம்), டூபான்ட் (முதலுக்குக் கிடைக்கும் லாபத்தைக் கூறுபோட்டுப் பார்ப்பது) எல்லாம் போட வரும். ஆனால் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து "இது எப்படிப்பட்ட கம்பெனி?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. அடுத்த கட்டத்துக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்? பென்மன் என்கிறார்கள், சுப்ரமணியம் என்கிறார்கள், நேராக கிரகாமுக்குப் போ என்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. அந்தக் கணக்கும் புரிந்தால் நல்லது.

ஜூலை 6, இரவு

பென்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பென்மன் எழுதிய 'ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ் அண்ட் செக்யூரிட்டி வேல்யுவேஷன்'. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு கிடைத்தால் சரி. அதற்கு முந்தைய பதிப்பு குறைந்த விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்கு தம்பி.

மற்ற பாடநூல்கள் கம்பெனி கொடுத்த பேலன்ஸ் ஷீட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு வரியை இன்னொரு வரியால் வகுக்கச் சொல்கின்றன. இவர் வகுப்பதற்கு முன்னால் அந்தப் பேலன்ஸ் ஷீட்டையே கலைத்து வேறு விதமாக அடுக்கச் சொல்கிறார். தொழிலில் ஓடுகிற சொத்தும், அந்தத் தொழிலிலேயே தானாக வருகிற பாக்கியும் ஒரு பக்கம். சும்மா கிடக்கும் பணமும் வட்டிக்கு வாங்கிய கடனும் இன்னொரு பக்கம். லாப நட்டக் கணக்கையும் அதே கோட்டில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்புறம்தான் ரேஷியோ.

ஜூலை 7

நேற்று எழுதியது அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். பாங்க் லோனுக்கு சி.எம்.ஏ. டேட்டா, அதாவது கடன் கேட்கும்போது பாங்குக்குக் கொடுக்கும் கணக்கு விவரம், போடுவதுதான் பெரும்பாலான நாட்களில் என் வேலை. ஜவ்வரிசி, நூல், வெள்ளிக் கொலுசு, லாரி என்று எல்லா வகைக் கணக்கும் மேசைக்கு வரும். எக்செல்லில் எண்ணைப் போட்டால் ரேஷியோ தானாகவே வந்து நிற்கும். அந்த ரேஷியோவை வைத்து ஒரு தொழிலைப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு சம்பவம்கூட நினைவில் இல்லை. புரிந்ததெல்லாம் ஏதோ ஒரு வரியைப் பிடித்து "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டபோதுதான்.

இன்னொன்றையும் பார். 2021 மார்ச்சில் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தினார்கள். அந்த ஏப்ரலிலிருந்து கம்பெனிகளே கரன்ட் ரேஷியோ, டெட் ஈக்விட்டி, சரக்குச் சுழற்சி என்று வரிசையாகப் போட்டுத் தருகின்றன. போன வருஷத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். ஆக, வகுத்துப் பார்க்கும் வேலை ஆண்டறிக்கையிலேயே முடிந்து வருகிறது. அதையே இன்னும் 400 பக்கத்துக்குச் சொல்லித்தரும் புத்தகம் உனக்கு எதற்கு?

இங்கே பட்டறைக்காரர்கள் பழைய வெள்ளியை எடை போட்டு மட்டும் வாங்க மாட்டார்கள், உருக்கி டச் (தூய்மை) பார்ப்பார்கள். பேலன்ஸ் ஷீட்டுக்கு அந்த உருக்கும் வேலையைச் சொல்லித்தரும் புத்தகத்தைத்தான் நான் மேல்நிலைப் புத்தகம் என்பேன்.

ஜூலை 9

"எடுத்துக்காட்டு இல்லாமல் புரியவில்லை" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். இது நான் கட்டிய கணக்கு, யாருடைய ஆலையும் அல்ல.

சொத்துப் பக்கம்: கட்டடமும் மிஷினும் தேய்மானம் போக 220 லட்சம், சரக்கு 180, வரவேண்டிய பாக்கி 170, குடும்பத்தில் இன்னொருவர் நடத்தும் நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்தது 60. மொத்தம் 630 லட்சம். பொறுப்புப் பக்கம்: கிழங்குக்காரருக்கும் மற்றவர்களுக்கும் தரவேண்டியது 130, பாங்கில் சி.சி. (சரக்கையும் பாக்கியையும் காட்டி வாங்கும் நடப்புக் கடன்) 175, டேர்ம் லோன் (தவணையில் கட்டும் கடன்) 125, சொந்த முதல் 200.

பாங்க் பார்வையில் நடப்புச் சொத்து 180, 170, 60 சேர்ந்து 410. நடப்புப் பொறுப்பு 130, 175 சேர்ந்து 305. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கரன்ட் ரேஷியோ 1.34. பாங்க் கடனுக்கு வழிமுறை வகுத்த டாண்டன் கமிட்டி காலத்திலிருந்து வழக்கத்தில் இருக்கும் 1.33ஐத் தாண்டிவிட்டது, ஃபைல் நகரும்.

இப்போது பென்மன் சொல்வதுபோல் கலைத்து அடுக்கு. தொழிலில் நிகரமாக இருப்பது 220 + 180 + 170 − 130, அதாவது 440. கடன் 300. வெளியே கொடுத்த 60ஐக் கழித்தால் நிகரக் கடன் 240. மீதி 200 சொந்த முதல். தொழில் லாபம் வரி போக 44 லட்சம் என்று வைத்தால், தொழிலில் போட்ட பணத்துக்கு 10 சதவீதம் கிடைக்கிறது. பாங்க் வட்டி 10 சதவீதம், 30 லட்சம். வரி 25 சதவீதம் என்றால் வரிச்சலுகை போக 22.5 லட்சம். மிஞ்சுவது 21.5 லட்சம். முதலுக்கு 10.75 சதவீதம்.

இதோடு விட்டால் இதுவும் இன்னொரு ரேஷியோதான். அடுத்த படிக்குப் போ. நிகரக் கடன் 240க்கு 22.5 லட்சம் என்றால் கடனின் உண்மை விலை வரி போக 9.4 சதவீதம் ஆகிறது. பாங்க் வாங்குவதோ வரி போக 7.5 சதவீதம்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்த 60 லட்சத்திலிருந்து. இங்கே 10 சதவீதத்துக்கு வாங்கி அங்கே சும்மா கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் திரும்பி வந்து கடனில் கழிந்தால் வட்டி 24 லட்சமாகும், வரி போக 18. லாபம் 26 லட்சம், முதலுக்கு 13 சதவீதம். தொழிலில் ஒரு மூட்டை கூடுதலாக விற்கவில்லை, மிஷின் மாற்றவில்லை.

இதே 60 லட்சம்தான் மேலே கரன்ட் ரேஷியோவை 1.34க்குத் தூக்கி நிறுத்தியதும். அதை எடுத்துவிட்டால் 1.15. ஒரே வரி, ஒரு பார்வையில் பலமாகவும் இன்னொரு பார்வையில் ஓட்டையாகவும் நிற்கிறது. எனக்கு இந்தப் புத்தகத்தின்மேல் பிடிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

ஜூலை 10

ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரு வருஷத்துக்குள் கட்டவேண்டிய டேர்ம் லோன் தவணை நடப்புப் பொறுப்பில் சேர வேண்டாமா? தவிர, சகோதர நிறுவனத்துக்குக் கொடுத்ததை எந்த மேனேஜர் நடப்புச் சொத்தில் விடுவார்?" இரண்டும் சரி, சார். தவணை 25 லட்சம் என்று வைத்தால் 410ஐ 330ஆல் வகுக்க வேண்டும், 1.24. அந்த 60ஐயும் எடுத்தால் 1.06. ஆனால் கவனியுங்கள், தவணையை எங்கே வைத்தாலும் 440, 240, 200 என்ற அடுக்கு அசையவில்லை. ஒரு கடன் இந்த வருஷம் முடிகிறதா, ஐந்து வருஷம் ஓடுகிறதா என்பதைப் பற்றி அந்த அடுக்கு கவலைப்படுவதில்லை.

ஜூலை 10, இரவு

மேலே கடைசி வரியை எழுதிவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அது பலமாகத் தெரிந்தது. ஆனால் கடன் கொடுக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அதுவே பலவீனம். அவருக்கு முதல் கேள்வியே தவணை எப்போது, கையில் பணம் எப்போது என்பதுதான். பென்மன் பங்கு வாங்குகிறவருக்காக எழுதியவர். கடன் பற்றியும் அத்தியாயம் உண்டு, ஆனால் புத்தகத்தின் உயிர் அங்கே இல்லை. ஆத்தூர்த் தம்பியின் வீடு கடன் வாங்கித் தொழில் செய்கிற வீடு. ஞாயிற்றுக்கிழமை சுப்ரமணியத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூலை 13

கே.ஆர்.சுப்ரமணியம், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். ஜான் வைல்டுடன் சேர்ந்து எழுதிய 'ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ்' பல பதிப்பு கண்டது, பிறகு அவர் பெயரிலேயே வருகிறது. இதன் பலம் நடுப்பகுதி. கடன், முதலீடு, கம்பெனிக்குள் கம்பெனி, அன்றாடத் தொழில் என்று ஒவ்வொன்றாக எடுத்து, "இந்த எண் எப்படிப் பிறந்தது, எங்கே வளைக்கலாம், வளைத்திருந்தால் எப்படி நிமிர்த்துவது" என்று போகிறது. கடன் தரும் கோணத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, அதில் குறுகியகாலப் பணப்புழக்கத்தை நன்றாகவே சொல்கிறார்.

நடை சற்று வறட்சி. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கிருந்தே படிக்கலாம். பென்மனை அப்படிப் படிக்க முடியாது. முன் அத்தியாயம் புரியாமல் பின் அத்தியாயத்துக்குப் போனால் வார்த்தைகளே அந்நியமாக இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டும் அமெரிக்கக் கணக்கு முறையை வைத்து எழுதியவை. லைஃபோ (கடைசியாக வாங்கியதே முதலில் விற்றதாக எடுத்துக்கொள்ளும்) சரக்கு மதிப்பீட்டுக்கு அதில் நிறையப் பக்கங்கள் போகும். இந்தியாவில் லைஃபோவுக்கு அனுமதியே இல்லை, அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடு. கேஷ் ஃப்ளோ அறிக்கையில் (பணம் வந்துபோன கணக்கு) அமெரிக்கக் கம்பெனி கட்டிய வட்டியைத் தொழில் நடவடிக்கையில் கழிக்கும். நம் இண்ட் ஏ.எஸ். (இந்தியக் கணக்கியல் தரநிலை) 7 நிதித்துறை அல்லாத கம்பெனிகளுக்கு அதை நிதி நடவடிக்கையில் வைக்கச் சொல்கிறது. கடன் அதிகமுள்ள ஒரு நம்மூர் ஸ்பின்னிங் மில்லின் தொழில் பணவரவு ஒரு அமெரிக்க மில்லைவிட அழகாகத் தெரிந்தால் அதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நிலத்தையும் மிஷினையும் மறுமதிப்பீடு செய்து ஏற்றி எழுத இங்கே வழி உண்டு, அமெரிக்காவில் இல்லை. ஒரு பொருளை உருவாக்கும் செலவைச் சில நிபந்தனைகளோடு சொத்தாக எழுத இங்கே முடியும், அங்கே பெரும்பாலும் அந்த வருஷச் செலவுதான். குத்தகைக்கு 2019 ஏப்ரலிலிருந்து இண்ட் ஏ.எஸ். 116 வந்து, வாடகை என்ற வரியே தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிட்டது. கடை வாடகை அதிகமுள்ள கம்பெனியின் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) ஒரே வருஷத்தில் குதித்ததை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 14

கிரகாமைக் கேட்டிருந்தாய். கிரகாமும் டாட்டும் எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' 1934இல் வந்தது. மனசுக்கு நல்லது. ஆனால் இன்றைய ஆண்டறிக்கையின் குறிப்புகளைப் படிக்க அது கைகொடுக்காது. பாடநூலாக வேண்டாம்.

ஜூலை 20

பயிற்சிக்கு எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். பென்மன் புத்தகத்தில் நைக்கி வரும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நமக்குக் கஞ்சமலை அடிவாரத்திலேயே ஒன்று இருக்கிறது.

சேலம் உருக்காலை தனிக் கம்பெனி அல்ல, மத்திய அரசின் உருக்குக் கம்பெனியான செயில் நிறுவனத்தின் ஒரு பிரிவு. 1981இலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருட்டுகிறது. செயிலின் ஆண்டறிக்கையில் பிரிவுவாரிக் குறிப்புக்குப் போ. பிலாய், துர்காபூர், ரூர்கேலா, பொகாரோ என்று வரும் வரிசையில் சேலத்துக்கும் ஒரு வரி இருக்கும். பிரிவின் வருமானம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் அல்லது நட்டம், பிரிவின் சொத்து, பிரிவின் பொறுப்பு. கடனும் வட்டியும் தலைமையகத்தோடு நின்றுவிடுகின்றன. அதாவது பென்மன் உன்னைப் பிரித்தெடுக்கச் சொல்கிற அந்தத் தொழில் பக்கத்தைக் கம்பெனியே ஏறக்குறையப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. சொத்திலிருந்து பொறுப்பைக் கழி, லாப நட்டத்தை அதால் வகு. பத்து வருஷ அறிக்கையை இறக்கிப் பத்து வரி எழுது.

பெரும்பாலான வருஷங்களில் சேலத்து வரி நட்டத்தில் இருக்கும். அதைப் பார்த்து நம் ஊர்க்காரனுக்கு மனசு கஷ்டப்படும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நிறுத்தாதே. பிரிவுகளுக்குள் கைமாறும் விற்பனை எவ்வளவு? அதன் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்? 2010 வாக்கில் இங்கேயே உருக்கு உருக்கும் ஷாப் வந்த பிறகு பிரிவின் சொத்து எவ்வளவு ஏறியது, அதற்கேற்ற வருமானம் வந்ததா? நிக்கல் விலை ஆடும் வருஷத்தில் சரக்கு மதிப்பு என்ன ஆனது? இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டால், நீ முதலில் கேட்ட "இது எப்படிப்பட்ட கம்பெனி" என்பதற்கு வாய் தானாகத் திறக்கும்.

ஜூலை 27

ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் அக்கா ஒருவர், காபித் தோட்டத்துக்கு இந்தப் புத்தகங்கள் ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறார். அடுக்கும் முறை ஒத்துவரும் அக்கா. தோட்டத்துக்கே உரிய கணக்குக்கு இரண்டிலும் துணை கிடைக்காது.

இண்ட் ஏ.எஸ். முறையில் காபிச் செடி காய்ப்புச் செடி. மிஷின் மாதிரி நிலையான சொத்து, தேய்மானம் உண்டு. புதுக்கன்று நட்டுக் காய்ப்புக்கு வரும்வரை ஆகும் செலவும் அதில் ஏறும். செடியில் நிற்கும் பழம் மட்டும் உயிர்ச் சொத்து. விற்கும் செலவு போகச் சந்தை மதிப்பில் எழுத வேண்டும், அந்த மதிப்பு ஏறினால் லாபத்தில் வரும், கையில் காசு வராமலே. வெட்டி விற்பதற்கென்று வளர்க்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் மதிப்பு இதே வழியில் போகும். அமெரிக்கப் பாடநூல் எதுவும் இதற்கு உதவாது. இண்ட் ஏ.எஸ். 41ஐ நேராகப் படித்துவிடுவது நல்லது, சிறியதுதான்.

இன்னொன்று, தேதி. பேலன்ஸ் ஷீட் மார்ச் 31. சேர்வராயன் மலையில் அதற்குள் அறுவடை முடிந்திருக்கும், மழை பெய்திருந்தால் செடியில் பூதான் இருக்கும். பழம் பார்ச்மென்ட்டாக (தோலும் சதையும் நீக்கி உலர்த்திய கொட்டை) கோடவுனில் இருக்கும், அல்லது விற்றுப் பணமாகியிருக்கும், கடன் அடைந்திருக்கும். மார்ச் 31ஐ மட்டும் பார்த்தால் வருஷத்திலேயே சுகமான நாளைத்தான் பார்க்கிறோம். பறிகூலி கொடுக்க ஓவர்டிராஃப்ட் ஏறி நிற்கும் கார்த்திகை மார்கழி எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுக்கும் வழக்கம் இங்கே பொய் சொல்லும். மாதக் கணக்கு கையில் இருக்கிறதே உங்களுக்கு, பன்னிரண்டு மாதச் சராசரி எடுங்கள்.

வரியும் அப்படியே. வருமான வரி விதி, காபியை விளைவித்துக் கியூரிங் செய்து (உமி நீக்கிச் சுத்தப்படுத்தி) விற்றால் வருமானத்தில் 25 சதவீதத்தையும், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதத்தையும் மட்டுமே வியாபார வருமானமாக எடுத்துக்கொள்கிறது. பாடநூல் வட்டியின் வரிச்சலுகையைக் கணக்கிட முழு வரிவிகிதத்தைப் போடச் சொல்லும். தோட்டத்துக்கு அதைப் போட்டால் கடன் உண்மையைவிட மலிவாகத் தெரியும்.

ஆகஸ்ட் 3

இன்னும் இரண்டு பெயர் வந்திருக்கிறது.

வைட், சோந்தி, ஃப்ரைட் மூவரும் எழுதியது. மூன்றாம் பதிப்பு 2003. சரக்கு, நிலையான சொத்து, செலவா சொத்தா என்ற கேள்வி, இவற்றில் இதைவிட ஆழமாகப் போன பாடநூல் என் கையில் வரவில்லை. ஆனால் குத்தகை அத்தியாயம் முழுக்கப் பழைய காலத்தது. முதல் புத்தகமாக வாங்காதே. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதே.

பலெப்பு, ஹீலி எழுதியது ஹார்வர்டு வழி. தொழில் உத்தி, கணக்குத் தரம், நிதி அலசல், எதிர்கால மதிப்பீடு என்று நான்கு படி. தொழிலைப் புரிந்துகொண்டு கணக்குக்கு வா என்கிற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். நீ ஆலை வீட்டுப் பையன், முதல் படி உனக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. கிழங்கில் மாவுச்சத்து என்ன பாயின்ட், ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஏலத்தில் என்ன விலை என்று காதில் விழுந்தே வளர்ந்திருப்பாய்.

ஆகஸ்ட் 4

பி.டி.எஃப். அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: திருட்டுப் பிரதியை நான் அனுப்ப மாட்டேன். காசில்லை என்றால் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் தன் வகுப்புகளையும் குறிப்புகளையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். அது மதிப்பீட்டுப் பாடம், கணக்கு அலசல் அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் நேர்மையான வழி.

ஆகஸ்ட் 17

"மோசடி கண்டுபிடிக்கும் புத்தகம் ஒன்றே போதாதா? ஹோவர்ட் ஷிலிட்டின் 'ஃபைனான்ஷியல் ஷெனானிகன்ஸ்' படித்தேன், சுவாரசியமாக இருந்தது." சூரமங்கலத்திலிருந்து ஒருவர்.

நல்ல புத்தகம்தான், 1993இலிருந்து நான்கு பதிப்பு வந்துவிட்டது. ஆனால் அதை முதலில் படித்தவர்களுக்கு எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் திருடனாகத் தெரிகிறது. வருமானத்தைவிட வரவேண்டிய பாக்கி வேகமாக ஏறினால் உடனே பொய்க்கணக்கு என்று எழுதிவிடுகிறார்கள். நூல் வியாபாரத்தில் மார்க்கெட் படுத்தால் பாக்கி ஏறத்தான் செய்யும். நோய் எது, நோயில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் அது மூன்றாவது புத்தகம்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியை எடுத்துக்கொள். 2009 ஜனவரி 7ஆம் தேதிக் கடிதத்தில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டது: கணக்குப் புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரொக்க, பாங்க் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை, சேர்ந்த வட்டி என்று காட்டிய 376 கோடியும் இல்லை. ரேஷியோ போட்டவர்களுக்கு அந்த இருப்பு பலமாகத்தான் தெரிந்திருக்கும். கலைத்து அடுக்கியிருந்தால் மோசடி வெளியே வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். போலி ஆவணத்தை எந்தப் பாடநூலும் பிடிக்காது. ஆனால் ரொக்கம் தனியாக வந்து நிற்கும்போது "இவ்வளவு பணத்தை ஏன் சும்மா வைத்திருக்கிறார்கள், பங்குதாரருக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்ற கேள்வியாவது எழும்.

நம் அளவில் பயன்படும் ஓர் இடம் சொல்கிறேன். ஆடிட்டர் தன் அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் காரோ 2020 விதிப்படி, சரக்கையும் பாக்கியையும் அடமானம் வைத்து ஐந்து கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வாங்கிய கம்பெனி பாங்குக்குக் காலாண்டுதோறும் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் எழுத வேண்டும். அந்தப் பத்தியில் வித்தியாச அட்டவணை இருந்தால் அதில் நேரம் செலவழி. பாங்குக்கு ஒரு சரக்கு, புத்தகத்தில் ஒரு சரக்கு என்றால் பேச்சு அங்கேயே தொடங்குகிறது.

ஆகஸ்ட் 24

பாங்க் பங்குகளுக்கு இந்தப் புத்தகங்களைப் பயன்படுத்தலாமா? வேண்டாம். பாங்குக்குக் கடன்தான் சரக்கு, வட்டிதான் வியாபாரம். தொழில், நிதி என்று கோடு கிழித்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் மிஞ்சாது. கரூர் லட்சுமி விலாஸ் பாங்க் 2020 நவம்பர் 27இல் டி.பி.எஸ். பாங்கோடு இணைக்கப்பட்டபோது பங்குதாரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பங்கு இருந்தது. பாங்குக்குப் பார்க்கவேண்டியது வாராக்கடன், ஒதுக்கீடு, மூலதனப் போதுமை. அதற்குத் தனிப் படிப்பு வேண்டும்.

செப்டம்பர் 7

ஒரு முக்கியமான செய்தியை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். ஐ.எஃப்.ஆர்.எஸ். 18 என்ற புதிய சர்வதேசக் கணக்குத் தரநிலை 2024 ஏப்ரலில் வெளியானது, 2027 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் ஆண்டுகளுக்குப் பொருந்தும். லாப நட்டக் கணக்கையே தொழில், முதலீடு, நிதி என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. நம் இண்ட் ஏ.எஸ். அந்தத் தரநிலைகளை ஒட்டியே வருவதால் இங்கேயும் எதிர்பார்க்கலாம். பென்மன் வாசகர்கள் கையால் செய்துகொண்டிருந்த பிரிப்பில் பாதி, கம்பெனி கொடுக்கும் தாளிலேயே வரப்போகிறது. அப்படியானால் புத்தகம் தேவையில்லையா என்றால், பேலன்ஸ் ஷீட்டை அது அப்படிப் பிரிப்பதில்லை. அந்தப் பாதி இன்னமும் உன் வேலைதான்.

செப்டம்பர் 14

ஆத்தூர்த் தம்பி பென்மனின் பழைய பதிப்பு ஒன்றை வாங்கி, செயில் பேலன்ஸ் ஷீட்டை அடுக்கி அனுப்பியிருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது. கடன் தரும் கோணத்துக்குச் சுப்ரமணியத்தின் அந்த அத்தியாயத்தை நூலகத்தில் படித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார், அது போதும்.

அவர் கேட்ட மூன்று: ஒத்திவைத்த வரி (இப்போது கட்டாமல் பிற்பாடு கட்டவேண்டியது) எந்தப் பக்கம்? பெரும்பாலும் தேய்மான வித்தியாசத்தால் வருவது, தொழில் பக்கம் வை. குத்தகைப் பொறுப்பு? அதற்கு வட்டி ஓடுகிறது, கடனோடு வை. குத்தகைச் சொத்து தொழில் பக்கம். பாங்கில் இருக்கும் பணத்தில் தொழிலுக்கு எவ்வளவு ஒதுக்குவது? பென்மன் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தொழில் ரொக்கமாக வைப்பார். செயிலுக்கு அந்தத் தொகை எந்த முடிவையும் மாற்றாது, முழுவதையும் நிதிப் பக்கம் தள்ளு. உங்கள் ஆலைக்குச் செய்யும்போது மட்டும் கிழங்கு வரத்து மாதத்தில் கல்லாவில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டுப் போட்டுக்கொள்.